துவக்குக்கு ஒரு வார்

சென்ற ஐப்பசியின் தொடக்கத்தில், முதல் மழை விழுந்து காலபோக விதைப்பு நடந்துகொண்டிருந்த நாட்களில், எமது பழைய மாணவர் ஒருவர் சாக்கிலே சுற்றிய நீண்ட பொருளொன்றைச் சைக்கிளின் குறுக்குச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்து எமது வாசலில் இறங்கினார். சாக்கை அவிழ்த்தார். உள்ளே ஒற்றைக் குழல் துவக்கொன்று இருந்தது. 12 போர்; புதியது; குழலில் எண்ணெய்ப் பசை காயவில்லை.

“லைசன்ஸ் வந்திட்டுது சேர். என்ர பேரிலதான் வந்திருக்கு” என்று மடித்து வைத்திருந்த பத்திரத்தை நீட்டினார்.

நாம் அதனை இருமுறை வாசித்தோம். பெயர், அடையாள அட்டை இலக்கம், காணியின் அளவு, பயிர்ப் பாதுகாப்பு என்ற நோக்கம். கச்சேரியிலிருந்து வரும் கடதாசிகளில் உணர்ச்சிவசப்படுவதற்கு எதுவும் இருப்பதில்லை. ஆயினும் அப்பத்திரத்தை உடனே திருப்பிக் கொடுக்க எமக்கு மனம் வரவில்லை. அதன் காரணத்தை அவர் அறிந்திருந்தாரோ என்னவோ, அடுத்ததாகச் சொன்ன வார்த்தை எம்மைச் சுட்டது.

“இதுக்கு ஒரு வார் போட வேணும் சேர். உங்களிட்டக் கேக்கச் சொல்லி தாத்தா முந்தியே சொன்னவர்.”

துவக்கு வார் என்பது யாது? குழலின் முன்பகுதியிலும், தோளிற் பதியும் சோங்கு எனப்படும் மரக்கட்டையின் அடியிலும் இரு வளையங்களிற் கோத்த ஒரு பட்டை, அவ்வளவே. துவக்கைத் தோளில் தொங்கவிடுவதற்கு உதவுவது. அதைப் பற்றி ஓர் இலக்கிய சஞ்சிகையில் எழுத என்ன இருக்கிறது என்று வாசகர் கேட்பது நியாயமே. வன்னியிலே பயிர்க்காவல் செய்யும் ஒருவரிடம் அக்கேள்வியைக் கேட்டால் அவர் தமது இரு கைகளையும் விரித்துக் காட்டுவார். எமக்கு அப்படிக் காட்டியவர் இம்மாணவரின் பாட்டனார்.

அவர் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றிலே பிறந்தவர். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவரைப் போன்ற இலட்சக்கணக்கான தொழிலாளரை நாடற்றவர்களாக்கியபோது அவர் இளைஞர். 1964ஆம் ஆண்டில் இரு பிரதம மந்திரிகள் உட்கார்ந்து இம்மக்களை எண்ணிக்கை போட்டுப் பங்கிட்டுக்கொண்ட ஒப்பந்தத்தின்படி அவருடைய உடன்பிறந்தோர் இருவர் தலைமன்னாரிற் கப்பலேறினர். 1973, 1974ஆம் ஆண்டுகளில் தோட்டங்களிலே பஞ்சம் தலைவிரித்தாடிய வேளையில் அவர் மனைவி மக்களோடு வன்னிக்கு வந்து, வவுனியாவுக்கு வடக்கே ஒரு சிறு குளத்தின் கீழே எமது அம்மானுக்கு இருந்த வயலுக்குக் காவற்காரரானார். காணி பெற அவருக்கு உரிமையில்லை. துவக்குக்கு அனுமதி கேட்கவும் வழியில்லை. 1916ஆம் ஆண்டின் துவக்குச் சட்டம் அரசாங்க அதிபரின் கையொப்பத்தைக் கோருகிறது. காணியில்லாதவன், நாடில்லாதவன் எந்தப் பயிரைக் காக்கப்போகிறான் என்று அக்கையொப்பம் கேட்கும். ஆகவே பயிர் அம்மானுடையது, துவக்கு அம்மானுடையது, பத்திரமும் அம்மானின் பெயரிலே. இரவு மாத்திரம் காவற்காரருடையது.

நெல் பால் கட்டும் காலத்திலிருந்து அறுவடை முடியும் வரை பன்றி வரும். கூட்டமாக வரும், உண்பதைவிட உழக்கி அழிப்பது அதிகம். யானை வரும் இரவுகளில் துவக்கு வெறும் ஓசைக்கு மட்டுமே பயன்படும். அந்த ஓசைக்கும் அஞ்சாத தனியன்கள் உண்டு. பரணிலே உட்கார்ந்திருந்தாற் போதாது. மணிக்கொருமுறை வரம்பு வழியாக வயலைச் சுற்றி வரவேண்டும். மார்கழி, தை மாதங்களில் அவ்வரம்புகள் எப்படியிருக்கும் என்பதைப் பட்டணத்து வாசகர் கற்பனை செய்துகொள்ளலாம்: ஒன்றரை அடி அகலம், இருபுறமும் சேறு, மேலே சவர்க்காரம் பூசியது போன்ற களி. ஒரு கையில் ரோச் லைற். மறு கையில் மூன்று கிலோவுக்குக் குறையாத துவக்கு. தலையிலே சாக்குக் கொங்காணி.

அக்காலத்தில் நாம் பல்கலைக்கழகத்திலிருந்து விடுமுறையில் வந்திருந்தோம். மார்க்சியம் படித்துக்கொண்டிருந்தோம் என்பதையும் வெட்கத்தோடு சொல்லிவிடுகிறோம். ஓரிரவு அவரோடு காவலுக்குப் போய், இரண்டு முறை வழுக்கி விழுந்தெழுந்த பின், துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டால் என்ன என்று கேட்டோம்.

“மாட்ட வார் இருக்கணுமுங்களே சின்னையா” என்றார். பிறகு நடந்துகொண்டே, “கையி ரெண்டுதானுங்க. ஒண்ணு வெளிச்சத்துக்கு, ஒண்ணு துப்பாக்கிக்கு. வழுக்குனா எதப் புடிக்கிறது?” என்றார்.

மறுநாட் காலை நாம் அம்மானிடம் பேசினோம். அவர் கொடியவரல்லர். எமது படிப்புச் செலவிற் பாதி அவருடையது. ஆனால் அத்துவக்கு அவருடைய தகப்பனார் ஒரு வெள்ளைக்காரத் துரையிடமிருந்து வாங்கியது, இங்கிலாந்திலே செய்யப்பட்டது, சோங்கு வால்நட் மரம். அதனைத் துணியால் துடைத்து விறாந்தையிற் சாத்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்கொரு சந்தோஷம்.

“உந்தச் சோங்கிலை ஓட்டை போடுறதோ? பிறகு ஆர் இதை மதிப்பான்? வார் வேணுமெண்டால் செய்தவன் வைச்சிருக்க மாட்டானோ?”

கடைசிக் கேள்விக்கு அன்று எமக்கு விடை தெரியவில்லை. பின்னர் நூல்களைத் தேடி வாசித்தபோதுதான் விளங்கிற்று. இங்கிலாந்தின் பறவை வேட்டைத் துவக்குகளிற் பெரும்பாலானவற்றில் வார் வளையங்கள் இருப்பதில்லை. ஜெர்மனி, ஆஸ்திரியா ஆகிய நாடுகளிற் செய்யப்பட்ட துவக்குகளில் அவை இயல்பாகவே இருக்கும். ஆஸ்திரிய மலைகளிலும் காடுகளிலும் வேட்டைக்காரன் நாள் முழுதும் தானே நடந்து, தானே ஏறி, தன் துவக்கைத் தானே சுமந்தான். அவனுக்கு வார் வேண்டியிருந்தது. ஆங்கிலப் பிரபுவோ குறித்த இடத்தில் நின்றான். ஆட்கள் புதர்களை அடித்துப் பறவைகளை அவன் தலைக்கு மேலே பறக்கவிட்டார்கள். பக்கத்தில் ஒருவன் அடுத்த துவக்கை நிரப்பி வைத்துக்கொண்டு நின்றான். சுட்டு முடிந்ததும் துவக்கை வாங்கிக்கொள்ளவும் ஒருவன் இருந்தான். தோளில் மாட்ட வேண்டிய அவசியமே அவனுக்கு நேரவில்லை. அவனுடைய கண்ணுக்கு வளையமும் வாரும் துவக்கின் அழகைக் கெடுக்கும் வேண்டாத தொங்கல்களாகவே பட்டன.

எமது நாட்டிலும் இதுவே நடந்தது. 1,400 யானைகளுக்கு மேற் சுட்டாரென்று சொல்லப்படும் மேஜர் தோமஸ் ரொஜர்ஸ் 1845ஆம் ஆண்டில் அப்புத்தளையிலே மின்னல் தாக்கி மாண்டார். அவரது கணக்கை யாரோ வைத்திருந்தார்கள். அவருக்குப் பின்னே நடந்தவர்களின் கணக்கை எவரும் வைத்திருக்கவில்லை. நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர் தமது வேட்டை நூலில் துவக்குச் சுமக்கும் ஆட்களைப் பற்றி அடிக்கடி பேசுகிறார். ஒரு முறை சுட்டதும் மறுபடி நிரப்ப நேரமெடுத்த அக்காலத்தில் துரைக்கு மூன்று நான்கு துவக்குகள் தேவைப்பட்டன. அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக நீட்டுவது எமது மக்களின் வேலை. துரைமார் போன பின்பு அவர்களுடைய துவக்குகள் எமது கமக்காரச் சீமான்களின் விறாந்தைகளுக்கு வந்தன. வாரில்லாத அந்த அமைப்பும் கூடவே வந்தது. சுமப்பவன் மட்டும் மாறவில்லை.

இவ்வளவும் பின்னறிவு. அன்று நாம் அம்மானோடு தர்க்கம் செய்யவில்லை. “சரி” என்று எழுந்து போய்ச் சாப்பிட்டோம். துளையிடாமலே கயிற்றைக் கட்டியாவது கொடுத்திருக்கலாம். கட்டவில்லை.

1976ஆம் ஆண்டு தை மாதம், பொங்கலுக்குச் சில நாட்களின் பின் அது நடந்தது. பின்னிரவில் வரம்பிலே அவர் வழுக்கி விழுந்தார். விழும்போது ரோச் கையை ஊன்றாமல் துவக்குக் கையை ஊன்றினார். வெளிச்சம் போய்விட்டால் இருட்டிலே பன்றிக்கு நடுவே நிற்க வேண்டிவரும் என்று பயந்தாராம். குழலின் வாய் களிக்குள் இறங்கிற்று. எழுந்து வெளிப்புறத்தைச் சாரத்தில் துடைத்தார். உட்புறம் அடைந்திருந்த களி இருட்டிலே தெரியவில்லை. சிறிது தூரத்திற் பன்றிகளின் உறுமல் கேட்டது. இருட்டிற் சுடுவோர் வழக்கப்படி ரோச்சைக் குழலோடு சேர்த்து இடக்கையை முன்னே நீட்டிப் பிடித்துக்கொண்டு விசையை இழுத்தார்.

துவக்குக் குழல் அடைபட்டிருந்தால் என்ன நேரும் என்பதை விளக்குவது எளிது. சன்னங்கள் முன்னே போக வழியின்றித் தடைப்படும் இடத்தில் வாயுவின் அமுக்கம் குழலின் சுவரைத் தாக்குகிறது. இரு விரலளவு களியோ கந்தைத் துணியோ போதும். உருக்குக் குழல் வாழைப்பட்டை போலக் கிழியும். அவருடைய இடக்கையின் இரு விரல்கள் அவ்விடத்திலேயே போயின. மூன்றாவது விரலை ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். உழவு இயந்திரத்தின் பெட்டியிலே வைக்கோலைப் பரப்பி அவரைக் கொண்டு சென்றோம். வழி நெடுகிலும் அவர் வேதனையைப் பற்றிப் பேசவில்லை. “துப்பாக்கி ஒடஞ்சிருச்சே, ஐயா என்ன சொல்லுவாக” என்றே கேட்டுக்கொண்டிருந்தார்.

விசாரணைக்கு வந்த உத்தியோகத்தரிடம் அம்மான் சொன்னது: காவற்காரன் தமக்குத் தெரியாமல் துவக்கை எடுத்துச் சென்றான். அனுமதிப்பத்திரம் தமது பெயரில் இருக்க, இன்னொருவன் கையில் அது எப்படி வந்தது என்ற கேள்விக்கு வேறு விடை அவரிடம் இருக்கவில்லை. உத்தியோகத்தர் எம் பக்கம் திரும்பினார். “தம்பியும் இங்கைதானே நிண்டனீர்?”

நாம் ஆமென்றோ இல்லையென்றோ சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றோம். அவர் அதனை ஆமென்று எழுதிக்கொண்டார்.

இக்கட்டுரையில் ‘நாம்’ என்று எழுதிவருவதற்காக இச்செயலின் பொறுப்பைப் பலர் மீது பங்கிடுவதாக வாசகர் கொள்ள வேண்டாம். தலை குனிந்தது ஒரு தலைதான்.

காவற்காரர் மீது வழக்கெதுவும் நடக்கவில்லை. அம்மான் ‘பெரிய மனது வைத்து’ விட்டுவிட்டார். நட்டஈடென்ற பேச்சும் எழவில்லை. அடுத்த சிறுபோகத்தில் அவர் வேறு கமத்துக்குப் போனார். ஏழு விரலோடு மண்வெட்டி பிடித்தார், பிள்ளைகளை வளர்த்தார், 1977ஆம் ஆண்டுக் கலவரத்தில் மலைநாட்டிலிருந்து ஓடிவந்த தமது உறவினருக்குக் குடிசை போட்டுக் கொடுத்தார். எம்மைத் தெருவிற் கண்டால் முன்போலவே “சின்னையா” என்று நின்று பேசுவார். அந்த மரியாதையை நாம் எவ்வாறு தாங்கினோம் என்பதை எழுதத் தெரியவில்லை.

அவ்வாண்டு வைகாசியில் நாம் செய்த ஒரு முட்டாள்தனத்தையும் சொல்லவேண்டும். வவுனியாப் பட்டினத்திற் சப்பாத்தும் குதிரைச் சேணமும் தைத்துப் பழகிய ஒரு முதியவரிடம் போய் ஒரு துவக்கு வார் செய்வித்தோம். அவருடைய கடை வாசலில் நின்றபடியே வேலையைக் கொடுத்துவிட்டுப் போவோர்தான் அதிகம்; உள்ளே உட்கார்வோர் அரிது. தோலைத் தொடும் கையைத் தீண்டத்தகாததென்று ஒதுக்கிய எமது சமுதாயம், அக்கை தைத்த செருப்பையும் இடுப்புப் பட்டியையும் உடம்பிலே போட்டுக்கொள்ளத் தயங்கியதில்லை. முதியவர் எம்மை நிமிர்ந்து பார்த்து, “சுமக்கப்போறவர் ஆர்? அவரின்ரை உயரம் தெரிய வேணும்” என்றார். துவக்கின் அளவை அவர் பிறகுதான் கேட்டார். நாம் காவற்காரரின் உயரத்தைச் சொன்னோம். வாரை வாங்கி வந்து வீட்டில் ஆணியொன்றில் மாட்டினோம். மாட்டுவதற்குத் துவக்கும் இல்லை. சுமப்பதற்கு ஆளும் இல்லை.

வெடித்த துவக்குக்குப் பதிலாக அம்மான் வாங்கிய துவக்கை 1980களின் நடுப்பகுதியில் ஆயுதமேந்திய இளைஞர்கள் இரவில் வந்து கேட்டு வாங்கிச் சென்றனர். வன்னியிற் பல வீடுகளிலே அப்படித்தான் நடந்தது. ஆணியில் மாட்டிய வார் 2009ஆம் ஆண்டிலே வீட்டோடு போயிற்று. 2003ஆம் ஆண்டின் சட்டம் நாடற்றோராய் எஞ்சியிருந்தவர்களுக்குப் பிரசாவுரிமை வழங்கியபோது காவற்காரர் முதியவராகிவிட்டார். அதன் பின் சில ஆண்டுகளே இருந்தார்.

அவருடைய பேரன்தான் புதிய துவக்கோடு வந்து எமது திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு இப்போது இரண்டரை ஏக்கர் வயல் உண்டு. நெற்றியிற் கட்டும் மின்விளக்கு வந்துவிட்டதால் ஒரு கை மிச்சமாகியிருக்கிறது. மறு கைக்குத்தான் வார்.

எதனாற் செய்வது என்பதே முதற் கேள்வி. ஊரிலே கண்ணிற் பட்டவையெல்லாம் வாராகின்றன: சைக்கிள் டியூப், பழைய வாகனங்களின் இருக்கைப் பட்டி, பிள்ளைகளின் புத்தகப் பையின் பட்டை, நைலோன் கயிறு. டியூப் இழுபடும், ஒவ்வோர் அடிக்கும் துவக்கு மேலும் கீழும் குதிக்கும். கயிறு தோளை வெட்டும். நைலோன் பட்டி உக்காது, மலிவானது, ஆனால் நனைந்த சட்டையின் மேல் வழுக்கும். வழுக்கும் வாரைத் தோளிலே நிறுத்த ஒரு கை தேவைப்பட்டால் வாரினால் என்ன பயன்? தோல் நல்லது. தோளோடு பொருந்தும். ஆனால் எமது மாரியிலே தோல் நனைந்தால் பூஞ்சணம் பிடிக்கும். ஈரத்தோல் இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தால் அவ்விடம் துருவேறும். அறுவடைக்குப் பின் ஆறேழு மாதம் பெட்டிக்குள் கிடந்து காய்ந்து வெடிக்கவுங்கூடும். எண்ணெயிட்டுப் பேண நேரமுள்ளவருக்கே தோல்.

பருத்தியாலான தடித்த கித்தான் பட்டியே எமது தெரிவு. சட்டையைப் பற்றிக்கொள்ளும், ஓசையெழுப்பாது. வளையத்திற் போகுமிடத்தில் ஓர் அங்குல அகலம் வேண்டும். தோளிற் படுமிடத்தில் இரண்டங்குல அகலத்துக்கு இன்னொரு துண்டை வைத்துத் தைத்தாற் பாரம் பரவும். பட்டினத்துக் கடையொன்றில் இராணுவப் பச்சை நிறத்தில் ஆயத்தமான வாரொன்று இருந்தது. தையல் உறுதி, விலையும் நியாயம். பேரன் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு மறுபேச்சின்றி வைத்துவிட்டார். கடைக்காரர் “நல்ல சாமான் தம்பி” என்றார். நல்ல சாமான்தான். அந்த நிறத்தைத் தோளிலே போட்டு, அதன் நுனியில் ஒரு துவக்கையும் தொங்கவிட்டுக்கொண்டு விடியற்புறத்தில் எமது பிரதேசத்துத் தெருக்களில் நடப்பது எத்தகைய காரியம் என்பதைக் கடைக்காரரும் அறிவார். சாயமிடாத வெள்ளைக் கித்தான் பட்டியை முழக்கணக்கில் வாங்கி, தேயிலைச் சாயத்திலே நனைத்து மங்கலாக்கிக்கொண்டோம். அது பேரனின் யோசனை. மலைநாட்டிலே அவருடைய பாட்டி வெள்ளைத் துணியை அவ்விதம் நிறமேற்றுவாராம்.

பொருத்தும் வேலையை ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்தோம். முதலில் துவக்கைத் திறந்து தோட்டா இல்லையென்பதை இருவரும் தனித்தனியே பார்த்தோம். பிறகு குழலைக் கழற்றி வேறாக வைத்தோம்.

பின்வளையம் சோங்கின் அடிப்பக்கத்தில், கீழ்மூலையிலிருந்து இரண்டரை முதல் மூன்று அங்குலம் உள்ளே அமையவேண்டும். மூலைக்கு மிக அருகில் திருகினால் மரம் பிளக்கும். மிக உள்ளே தள்ளினால் தொங்கும்போது சோங்கு முதுகிலே குத்தும். ஒட்டுப் பட்டி ஒன்றை அவ்விடத்தில் ஒட்டி, நடுக்கோட்டைப் பென்சிலாற் குறித்து, ஆணி நுனியாற் சிறு குழி இட்டோம். பட்டி ஒட்டுவது மேற்பூச்சுச் சிதறாமலிருக்க. கைத்துளைப்பானே போதும், மின்துளைப்பான் ஒரு கணத்தில் எல்லை மீறிவிடும். துளை திருகின் நடுத்தண்டைவிடச் சிறிது ஒடுங்கியிருக்கவேண்டும். ஆழம் தெரிவதற்கு ஊசியிலே நூலொன்றைக் கட்டிக்கொண்டோம். திருகின் புரிகளிலே மெழுகுவர்த்தியைத் தேய்த்து, அதன் கண்ணுக்குள் ஓர் ஆணியைக் கொடுத்து மெல்லத் திருகியபோது மரம் முனகிக்கொண்டு ஏற்றுக்கொண்டது.

துளை விழுந்த கணத்தில், மஞ்சள் நிறத் துருவல் எமது மடியிலே கொட்டியபோது, “ஆர் இதை மதிப்பான்?” என்ற அம்மானின் குரல் நினைவுக்கு வந்தது. இரண்டு நிமிட வேலை. மூன்று சிட்டிகை மரத்தூள்.

முன்வளையத்தில்தான் தவறுகள் நிகழ்கின்றன. குழலிலே துளையிடுவது ஒருபோதும் ஆகாது. பற்றவைப்பதும் ஆகாது, கடுஞ்சூடு உருக்கின் உறுதியைக் குலைக்கும். கீழேயுள்ள முன்மரத்திலே வளையத்தை ஏற்றலாமே என்று பேரன் கேட்டார். ஒற்றைக் குழல் துவக்குகள் பலவற்றில் முன்மரம் ஒரு வில்லின் பிடிப்பில் மட்டுமே நிற்பது. துவக்கின் முழுப் பாரமும் அதிலே தொங்கினால் ஒருநாள் மரம் வாரோடு நிற்கும், துவக்கு நிலத்திற் கிடக்கும். ஆகவே இரு பாதிகளாகப் பிரிந்து குழலைச் சுற்றி இறுக்கும் ஒரு வளையத்தை ஊர்க் கொல்லரிடம் செய்வித்தோம். குழல் வாயை நோக்கி ஒடுங்கிச் செல்வதால், வளையம் இருக்கப்போகும் இடத்திலேயே சுற்றளவு எடுக்கவேண்டும். இன்றேல் அது நழுவும். உள்ளே மெல்லிய தோற்றுண்டு வைத்து இறுக்கினோம்.

எவ்வளவு முன்னே? இதற்கு ஓர் அனுபவ விதியுண்டு. சுடும்போது துவக்கு பின்னோக்கி உதைக்கும். முன்வளையமும் கூடவே பின்னே வரும். தாங்கும் இடக்கை அதற்கு நெருக்கமாகப் பின்னாலிருந்தால் வளையம் விரலைத் தாக்கும். பேரனைத் துவக்கைத் தோளில் வைத்துக் குறிபார்க்கச் செய்து, அவருடைய சுட்டுவிரலுக்கு ஒரு சாண் முன்னே கோடு கிழித்தோம். அவ்விரலை நாம் தேவைக்கு அதிகமான நேரம் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். “என்ன சேர்?” என்றார். “ஒண்டுமில்லை” என்றோம்.

நீளத்தை நிச்சயிக்கும்போது வவுனியா முதியவரின் கேள்வியே வழிகாட்டியது. சுமப்பவரை நிற்கவைத்துத்தான் அளக்கவேண்டும். மழைச்சட்டையோடும் அளக்கவேண்டும் என்பது எமக்குத் தோன்றாமற் போயிற்று.

மாட்டும் முறையைப் பற்றிச் சிறிது வாதம் நடந்தது. குழல்வாய் மேல்நோக்கி இருந்தால் மழை உள்ளே இறங்கும், மரக்கிளையிலே தட்டும். கீழ்நோக்கி இருந்தால் மழை இறங்காது. ஆனால் வரம்பிலே குனிந்தாற் களியைத் தொடும். நாம் மேல்நோக்கியே இருக்கட்டும் என்றோம். மழைக்குக் குழல்வாயில் ஒரு மெல்லிய பிளாஸ்திக் உறையைப் போட்டு, சுடுமுன் கழற்றலாம் என்றார் பேரன். கழற்ற மறந்தால் என்ன செய்வது என்றோம். தலையைச் சாய்த்து இடப்பக்கம் மாட்டுவதென்று முடிவாயிற்று. வாரிலே தொங்கும் வேளையில் தோட்டா துவக்குக்குள் இருத்தலாகாது என்பதில் வாதமில்லை. இத்துவக்கின் குதிரை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வகை. ஒரு சுள்ளியோ வாரின் மடிப்போ அதைப் பின்னே இழுத்து விட்டால் போதும். பரணில் ஏறுமுன்னும் அப்படியே. வாரைப் பிடித்துத் துவக்கைக் கீழிருந்து தம்மை நோக்கி இழுத்தெடுத்தவர்களின் கதைகள் ஒவ்வோர் ஊரிலும் உண்டு. அனுமதியற்ற ஏழைகள் மிருகப் பாதையிலே வைக்கும் கட்டுத்துவக்குக்குக் கால் கொடுத்தவர்களின் கதைகள் அதனினும் அதிகம். அவை வேறொரு கட்டுரைக்குரியவை.

வேலை முடிந்ததும் தேநீர் குடித்தோம். அப்போதுதான் நாம் கேட்டோம்: உமது தாத்தா எம்மைப் பற்றி வேறென்ன சொன்னவர்?

பேரன் கோப்பையைக் கீழே வைத்தார். “நீங்கள் ஒரு வார் செய்விச்சு வைச்சிருந்தனீங்களாம். வீட்டு ஆணியில தொங்கினதைத் தாத்தா ஒருநாள் வெளியில நிண்டு கண்டவராம்” என்றார். “சின்னையா எனக்கெண்டுதான் செய்தவர், அளவைப் பாத்தாலே தெரியும் எண்டு சொல்லுவார்.”

அவ்வளவுதானா என்று கேட்டோம். அவ்வளவுதான் என்றார். விசாரணை நாளைப் பற்றித் தாத்தா அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. ஆகவே நாம் சொன்னோம். முழுவதையும் சொன்னோம். அவர் குறுக்கே பேசாமற் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டு முடிந்ததும் துவக்கைத் திறந்து, குழலை வாசல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்தார், மூடினார், வாரைத் தோளில் மாட்டினார். “போயிட்டு வாறன் சேர்” என்று சைக்கிளை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு படலையைத் தாண்டினார்.

பத்து நாட்கள் எவ்விதத் தகவலும் இல்லை. பதினோராம் நாள் மாலை மழையோடு மழையாக வந்தார். வாரின் கொளுவி நாம் போட்ட துளையிலிருந்து இரண்டு துளை தள்ளி மாற்றப்பட்டிருந்தது. மழைச்சட்டைக்கு மேலே போட நீளம் போதவில்லையாம். இன்னும் ஒரு முழம் கித்தான் மிச்சமிருக்கிறதா என்று கேட்டார். பக்கத்து வயற்காரரும் ஒரு வார் கேட்கிறாராம்.